பெருங்களத்தூரில் பிறந்த கார்

பிளசர் கார் காலம் – 17

சென்ற வாரம் எண்ணூரில் இருந்தோம். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி ரோட்டுக்கு அனுப்பியதையும், 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லாரி, பஸ் பக்கம் போய்விட்டதையும் பார்த்தோம். நகரத்தின் வடகோடியில் அது நடந்துகொண்டிருந்தபோது தென்கோடியில் இன்னொரு ஆலை எழுந்தது. அதுவும் 1948-ல் பிறந்த கம்பெனிதான். சென்னையின் யூனியன் கம்பெனியும், இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் கைகோத்துத் தொடங்கியது. முழுப் பெயர் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. எண்ணூர் காரைக் கைவிட்டது. பெருங்களத்தூர் கைவிடவில்லை. நடுவில் சில வருடம் மூச்சு வாங்கியதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 1988 வரை அங்கே கார் செய்தார்கள்.

இன்றைய தலைமுறைக்குப் பெருங்களத்தூர் என்றால் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வருவதற்கு முன்னால் பண்டிகைக்கு ஊர் போக பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேளுங்கள், "ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஸ்டாப்பிங்கா?" என்பார்கள். ஆலை இருந்த நிலத்தில் இப்போது ஐ.டி. கம்பெனிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அப்பாவோ மாமாவோ அங்கே ஷிஃப்ட் பார்த்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று சென்னையைப் புகழ்கிறவர்கள் கதையை ஹூண்டாயிலும் ஃபோர்டிலும் தொடங்குகிறார்கள். அது சரியில்லை. ஃபோர்டு மறைமலைநகரில் கால் வைப்பதற்கு நாற்பத்தைந்து வருடம் முன்னாலேயே அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் செய்யத் தெரிந்த கைகள் இருந்தன.

இந்தத் தொடரைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிவரும் பழைய படங்களில் அதிகம் இருப்பது அம்பாசிடரும் இல்லை, பியட்டும் இல்லை. ஹெரால்டு. ரோட்டில் அதிகம் ஓடியவை முதல் இரண்டும்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹெரால்டு வாங்கியவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகான வண்டி.

சிவகங்கைப் பக்கமிருந்து வந்த ஒரு படம் இப்போது மேஜைமேல் இருக்கிறது. சதுரமான சிறிய கறுப்பு வெள்ளைப் படம், சுற்றிலும் வெள்ளை விளிம்பு. ஆக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராவில் எடுத்திருக்க வேண்டும். அந்தக் கேமராவில் 120 ஃபிலிம் ரோல் போட்டால் பன்னிரண்டு படம் விழும், அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டில் ஒன்றைக் காருக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். பின்னால் ஓட்டு வீடு, திண்ணை, வாசலில் பாதி அழிந்த கோலம். பானெட்மேல் அரைக்கால் சட்டை போட்ட சிறுவனை உட்கார வைத்திருக்கிறார்கள். சூடு பொறுக்காமல் ஒரு தொடையைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். வேட்டி கட்டிய பெரியவர் கதவைப் பிடித்தபடி நிற்கிறார். முன் டயருக்கு அருகே நசுங்கிய எலுமிச்சம்பழம் தெரிகிறது. ஆக, வண்டி புதுசு, பூஜை போட்ட கையோடு எடுத்த படம். ஓரத்தில் காக்கிச் சட்டை டிரைவர். அவருக்குப் பாதி உடம்புதான் படத்துக்குள் விழுந்திருக்கிறது. அனுப்பிய வாசகருக்குப் பெரியவர் பெயர் தெரிகிறது, சிறுவன் தன் அப்பா என்று தெரிகிறது. டிரைவர் யாரென்று தெரியவில்லை. அந்தக் காரைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் அவர்தான்!

படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பெயரும் தேதியும் எழுதவில்லை. ஆனாலும் எந்த வருடத்துப் படம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். முதலில் நம்பர் பிளேட். எழுத்துகள் 'எம்' என்று ஆரம்பித்தால் சென்னை மாநிலம் என்ற பெயர் இருந்த காலத்துப் பதிவு. காமராஜரின் கறுப்பு செவ்ரோலே எம்.டி.டி. 2727 அந்தக் காலத்தது. 1969 ஜனவரி 14-ல் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்ற பிறகு பதிவானவை 'டி' என்று தொடங்கும், எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் டி.எம்.எக்ஸ். 4777. 1989-ல் நாடு முழுவதும் புது முறை வந்ததும் டி.என். 01, டி.என். 02 என்று ஆகிவிட்டது. நம் சிவகங்கைப் படத்தில் 'எம்'. அடுத்தது கதவு. இந்த வண்டிக்கு இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு அறுபதுகளின் கடைசியில்தான் வந்தது. ஆகவே ஹெரால்டு இங்கே வந்த 1961-க்குப் பின், 1968-ஐ ஒட்டிய வருடங்களுக்கு முன். ஒரு வெற்றுப் படம் இவ்வளவு பேசுகிறது.

இந்த ஹெரால்டு எப்படிப் பெருங்களத்தூருக்கு வந்தது?

ஆலை முதலில் பூட்டிய கார் வான்கார்டு. போருக்குப் பின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த பெரிய வண்டி. பிரிட்டிஷ் கடற்படையின் எச்.எம்.எஸ். வான்கார்டு போர்க்கப்பலின் பெயரை, கடற்படையிடம் அனுமதி கேட்டு வைத்தார்கள். 2088 சி.சி. எஞ்சின். அதே குடும்பத்து எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. வயலில் உழுத எஞ்சினுக்கு உறவு என்பதால் பலத்துக்குக் குறைவில்லை. இந்த எஞ்சினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் கடைசியில் அது மறுபடி வரும்.

ஆரம்பத்தில் இங்கே நடந்தது பெரும்பாலும் பூட்டும் வேலை. பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும், இங்கே சேர்த்து வண்டியாக்குவார்கள். 1953-ல் அந்தக் காலம் முடிந்தது. டாரிஃப் கமிஷன் பரிந்துரையை ஏற்ற மத்திய அரசு, படிப்படியாகப் பாகங்களையும் இந்தியாவிலேயே செய்யத் திட்டம் வைத்திருக்கிற கம்பெனிகள்தான் கார் தொழிலில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. பம்பாயில் 1928 முதல் கார் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டியது. ஃபோர்டும் போனது. மிஞ்சிய கார் கம்பெனிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். அடுத்த முப்பது வருடம் இந்தியக் குடும்பம் கார் வாங்க நினைத்தால் இந்த மூன்று வாசலில் ஒன்றில்தான் நின்றாக வேண்டும். அதிலும் வருடத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதை டெல்லி முடிவு செய்யும்.

ஐம்பதுகளின் நடுவில் ஸ்டாண்டர்ட் டென், பிறகு பென்னன்ட் என்று சின்ன கார்கள் வந்தன. உருண்டையான உடம்பு, சிக்கனமான எஞ்சின், அடக்கமான வண்டிகள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹெரால்டுக்குப் போவோம்.

ஹெரால்டின் கதை ஒரு நெருக்கடியில் தொடங்குகிறது. கவென்ட்ரி ஸ்டாண்டர்டுக்குக் கார் உடம்பு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-ல் வாங்கிவிட்டது. இனி உங்களுக்கு உடம்பு செய்து தரமாட்டோம் என்று கை விரித்தார்கள். முழு உடம்பையும் ஒரே கூடாக அழுத்திச் செய்து தர வேறு பெரிய ஆலை கிடைக்கவில்லை. அதனால் ஸ்டாண்டர்ட் பழைய வழிக்குத் திரும்பியது. கீழே தனியாக இரும்புச் சேசிஸ், அதன்மேல் சின்னச் சின்னக் கம்பெனிகளில் தனித்தனியாகச் செய்து வாங்கிய தகடுப் பகுதிகளை போல்ட் போட்டு முடுக்கிவிடுவது. மற்ற கம்பெனிகள் சேசிஸை விட்டொழித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் அதைத் தேடிப்போனார்கள்.

உடம்புக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் துரின் நகரத்து ஜியோவானி மிகெலோட்டி. ஸ்டாண்டர்டின் தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் அவரைத் தேடிப்போனபோது, அவர் கண்முன்னாலேயே சில நிமிடங்களில் வரைந்து கொடுத்தார் என்பது அந்தக் கம்பெனியின் சரித்திரத்தில் பலமுறை பதிவான செய்தி. விளிம்பு கூர்மையான கோடுகள், மெலிந்த தூண்கள், நாலு பக்கமும் கண்ணாடி. 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் அது டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளியானது. 1961-ல் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

பெயரில் உள்ள இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. இங்கிலாந்தில் லேலண்ட் கம்பெனி ஸ்டாண்டர்டை வாங்கிய பிறகு, 1963-ல் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் அங்கே கார் விற்பது நின்றுபோனது. 1903-ல் கவென்ட்ரியில் தொடங்கிய பெயர் சொந்த ஊரில் அறுபது வருடத்தில் மறைந்தது. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தது பெருங்களத்தூர். அதே லேலண்ட் வடக்கே எண்ணூரிலும் பங்குதாரர். சென்னையின் இரண்டு கோடியிலும் ஒரே இங்கிலீஷ் கம்பெனியின் கை இருந்திருக்கிறது.

அவசரத்துக்குக் கண்டுபிடித்த அந்தப் போல்ட் போட்ட உடம்பு நம் ஊருக்கு நன்றாகப் பொருந்தியது. பெரிய பிரஸ் இல்லாத ஆலையிலும் பகுதி பகுதியாகச் சேர்க்கலாம். எங்காவது மோதி மட்கார்டு நசுங்கினால் அந்தப் பகுதியை மட்டும் கழற்றி டிங்கரிங் ஷெட்டில் கொடுக்கலாம். உள்ளூர்ப் பாகங்களும் ஒவ்வொன்றாகக் கூடின. அறுபதுகளின் தொடக்கத்தில்தான் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்று அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் முன்பே இருந்தது. திருவொற்றியூரில் பலூன் செய்துகொண்டிருந்த எம்.ஆர்.எஃப். டயருக்கு வந்தது. இவை எல்லாம் ஹெரால்டுக்காகப் பிறந்தவை அல்ல. ஆனால் சென்னையில் ஒரு கார் ஆலையும் ஒரு லாரி ஆலையும் இல்லாமல் இத்தனை உதிரிபாக ஆலைகள் இங்கே குவிந்திருக்குமா என்று யோசிக்க வேண்டும். குவிந்திருக்காது என்பதே என் எண்ணம்.

இனி அந்த பானெட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மற்ற கார்களில் எஞ்சினுக்கு மேலே இருக்கும் மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டில் இரண்டு மட்கார்டு, ஹெட்லைட் உட்பட முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டு. கண்ணாடிக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ள கொக்கியை விடுவித்துத் தூக்கினால், முதலை வாயைத் திறப்பதுபோல் முன்னோக்கிச் சாயும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன், சேசிஸ் எல்லாம் வெட்டவெளியில். மெக்கானிக் முன் டயரின்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். வந்த படங்களில் பல, வண்டி ரிப்பேர் ஆனபோது எடுத்தவை. ரிப்பேரைப் படம் பிடிக்கும் அளவுக்கு அந்தக் காட்சி தெருவுக்கே வேடிக்கையாக இருந்திருக்கிறது. ஒரு படத்தில் திறந்த பானெட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பையன்கள், எல்லோர் கண்ணும் எஞ்சினுக்குள். கேமராவைப் பார்க்க ஒருவருக்கும் மனமில்லை.

எஞ்சின் 948 சி.சி., சுமார் 35 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அற்பம். ஆனால் வண்டி லேசானது, வளைவு சின்னது. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். அந்தக் காலக் கார்களில் இது அபூர்வம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ச் சந்துகளில் அம்பாசிடர் இரண்டு மூன்று முறை முன்பின் ஆட வேண்டிய இடத்தில் ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பெண்கள் இருக்கும் படங்கள் ஹெரால்டில்தான் அதிகம் வந்திருக்கின்றன. ஒன்றில், தலை நிறைய கனகாம்பரம், ஜன்னலில் முழங்கை, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறார் ஒரு அம்மா. அறுபதுகளின் சென்னையில் அப்படி ஒரு முகத்தில் அவ்வளவு நிம்மதியைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

குறையும் உண்டு. குறையைச் சொல்லாவிட்டால் இது சரித்திரம் ஆகாது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் அடியில் டிரனியன் என்று ஒரு பித்தளைத் துண்டு உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அதன் மரைமேல்தான் சக்கரம் திரும்பும். அதற்குக் கெட்டியான கிரீஸ் போதாது, கியர் ஆயில் விட வேண்டும். அதைக் காலாகாலத்தில் செய்யாமல் விட்டால் உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடித்து, ஒருநாள் கம்பி முறிந்து சக்கரம் படுத்துவிடும். கைதேர்ந்த டிரைவர்கள் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடாமல் தாங்களே செய்தார்கள்.

பின்பக்கம் இன்னொரு தொல்லை. மற்ற வண்டிகளில் இரண்டு பின் சக்கரங்களும் ஒரே உறுதியான அச்சில் இருக்கும். ஹெரால்டில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக ஊஞ்சலாடும் அச்சு, மேலே குறுக்காக ஒற்றை லீஃப் ஸ்பிரிங். மேடுபள்ளத்தில் சொகுசு. ஆனால் பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கி, சக்கரங்கள் மேலே ஒட்டியும் கீழே அகன்றும் சாய்ந்துவிடும். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். இங்கிலாந்தில் இருவர் போகும் காரில் இங்கே தாத்தா, பாட்டி, சித்தி, குழந்தைகள், டிக்கி நிறைய மூட்டை. திருப்பதி போய்வந்த ஒரு குடும்பத்தின் படத்தில், காருக்குள் இருட்டாக இருப்பதால் யார் முகமும் தெரியவில்லை. பின் சக்கரம் சாய்ந்திருக்கிற கோணத்தைப் பார்த்தால் பின் சீட்டில் குறைந்தது நாலு பேர் என்று சொல்லிவிடலாம். காலியாக நிற்கும் ஹெரால்டில் அதே சக்கரம் நேர் எதிராக, கால் ஒடுங்கி நிற்கும். உங்கள் ஆல்பத்தில் ஹெரால்டு இருந்தால் பின் சக்கரத்தைப் பாருங்கள்.

பழுது பார்ப்பவர்கள் இந்த அச்சை விரும்பவில்லை, வாங்குபவர்களும் முணுமுணுத்தார்கள். கம்பெனி அதைக் காதில் வாங்கிக்கொண்டது. கதவு விஷயத்திலும் அப்படித்தான். நாலு கதவு ஹெரால்டும், பின்னால் அகலக் கதவு வைத்த எஸ்டேட் வண்டியும் இங்கிலாந்தில் இருந்தபடியே இங்கே வந்தவை என்று நினைக்காதீர்கள். நாலு கதவு வண்டி இந்தியாவுக்கென்றே பெருங்களத்தூரில் செய்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்குக் கடைசிவரை பக்கவாட்டில் இரண்டு கதவுதான். நம் ஊரில் முன் சீட்டை மடக்கிக் குனிந்து பின்னால் ஏறப் பெரியவர்களால் முடியாது, புடவை கட்டியவர்களுக்குச் சிரமம் என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1971-ல் ஹெரால்டு நின்றது. 1972-ல் கஸெல் என்ற பெயரில் உறுதியான ஒற்றைப் பின் அச்சு வைத்த வண்டி வந்தது. அதிலும் அதே 948 சி.சி. எஞ்சின். குறையைத் திருத்திய கார்தான், ஆனால் நேரம் கெட்டிருந்தது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியது, கார் விற்பனை படுத்தது. கஸெல் குறைவாகவே செய்யப்பட்டு 1977-ல் நின்றுபோனது. கஸெல் உள்ள ஆல்பப் படம் எனக்கு இதுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டாண்டர்ட் 20 என்ற வேனும் பிக்அப்பும்தான் ஆலைக்குச் சோறு போட்டன. புதிய கார் இல்லாமல் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்துக்குள் மாருதி வந்துவிட்டது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800-இன் சாவி கைமாறியது.

1985-ல் பெருங்களத்தூர் பதில் சொன்னது. ஸ்டாண்டர்ட் 2000. இங்கிலாந்தில் 1976-ல் வந்த ரோவர் எஸ்.டி.1 என்ற காரின் உடம்பு. ஐரோப்பாவில் 1977-ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. முன்னால் தாழ்ந்து பின்னால் உயர்ந்த நீளமான வண்டி. அன்றைய இந்திய ரோட்டில் அதைப்போல் வேறொன்று இல்லை. இங்கிலாந்தில் அந்த உடம்புக்குள் எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சின் ஓடியது. இங்கே உள்ளே வைத்தது 1991 சி.சி. எஞ்சின். எங்கிருந்து வந்தது தெரியுமா? முதலில் சொன்னேனே, வான்கார்டின் எஞ்சின். அதன் வழியில் வந்ததுதான் இது. நாற்பதுகளில் வரைந்த எஞ்சினைக் கொஞ்சம் திருத்தி, எண்பதுகளின் சொகுசுக் காருக்குள் இறக்கினார்கள். வண்டி கனம், எஞ்சின் பழசு, விலை அதிகம், பெட்ரோலும் அதிகம் குடித்தது. 1988-ல் எல்லாம் நின்றது.

மாருதி வந்ததால் ஸ்டாண்டர்ட் செத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை முழுசாக ஏற்கவில்லை. விரிவாக்க அனுமதி கொடுக்காத லைசென்ஸ் முறை ஒரு பக்கம் கழுத்தைப் பிடித்தது உண்மை. ஆனால் ஹெரால்டில் கதவு முதல் அச்சு வரை வாங்குபவர் சொன்னதைக் கேட்டுத் திருத்திய அதே கம்பெனி, 2000-ஐ யாருக்காகச் செய்கிறோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. சின்னக் கார் செய்யத் தெரிந்த ஊர் அது. நாடு சின்னக் காருக்கு ஏங்கிய வருடத்தில் பெரிய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சம்பளம் நின்றது ஆலையில் நட்டு முடுக்கியவர்களுக்கு.

ஆலை மூடிய பிறகு உள்ளே குவிந்து கிடந்த ரோவர் பாகங்களை, இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற பழைய கார் உதிரிபாகக் கம்பெனி வாங்கிக் கப்பலில் கொண்டுபோனது. இங்கிலாந்தில் இன்று பழைய ரோவரைப் பராமரிப்பவர்களின் வண்டிகளில் பெருங்களத்தூரிலிருந்து போன பாகங்கள் இருக்கின்றன. ஹெரால்டுகள் அப்படிப் போகவில்லை. பல வண்டிகள் புதுப்பேட்டைக்குப் போய்த் தகடாகவும் இரும்பாகவும் பிரிந்தன. மிஞ்சியவை சிலவற்றைப் பழைய கார் அணிவகுப்புகளில் பார்க்கலாம். புதிய பெயின்ட், மின்னும் குரோமியம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காரில் யார் பிரசவத்துக்குப் போனார்கள், யார் மணமக்களாக வந்து இறங்கினார்கள், பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரன் கோயிலில் முதல் நாள் பூஜை போட்டபோது யாரெல்லாம் சுற்றி நின்றார்கள் என்பதை மின்னும் குரோமியம் சொல்லாது. அது வீட்டு ஆல்பங்களில்தான் இருக்கிறது, அதுவும் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதாத படங்களாக.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே ஆல்பத்தை எடுத்து வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். கார் உள்ள படம் ஒவ்வொன்றுக்கும் யார், எந்த ஊர், எந்த வருடம், வண்டியின் நம்பர் என்ன, யாரிடமிருந்து வாங்கியது, பின்னால் யாருக்கு விற்றது என்று கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். கறுப்புத் தாள் ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். பக்கத்தோடு செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும். பழைய ஆர்.சி. புக், கம்பெனி கொடுத்த கையேடு, ஒர்க்‌ஷாப் பில் எது கிடைத்தாலும் எடைக்குப் போடாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள். பெருங்களத்தூர் ஆலையில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் அடையாள அட்டை, கேன்டீன் டோக்கன், ஷிஃப்ட் நண்பர்களுடன் எடுத்த படம் இருந்தால் அதற்கு இன்னும் அதிக மதிப்பு. எங்களுக்கு அனுப்புவதானால் நகல் போதும், அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்த வாரம்: யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் மரக்கரியில் ஓடிய பஸ்கள்.

(தொடரும்)